முனியம்மா போட்ட கையெழுத்து

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொன்ன மகானைக் கூட்டிவந்து, ஆரணி நெசவுத் தெருவில் இந்தப் புதன்கிழமைக் காலையில் ஒரு நடை நடக்கவிட வேண்டும் என்று கண்ணகிக்குத் தோன்றியது. ஏழு வீட்டுப் படி ஏறி இறங்கியாயிற்று. ஏழு வீட்டிலும் ஒரே பாட்டு.

"முகூர்த்த மாசம்மா. சாயந்திரம் ஆறு மணிக்கெல்லாம் ஆளைத் தறியில இருந்து எழுப்ப முடியாது."

எட்டாவது வீடு முருகேசனுடையது. நாலு தறி. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும்ணே. கற்பகத்தையும் மத்த மூணு பேரையும் ஆறு மணிக்கு அனுப்பிடுங்க. வேலூர்ல இருந்து ஆபீசர் வர்றாரு. பிள்ளைங்க இருந்தாத்தான் மானியம்."

முருகேசன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "உன் மையத்துக்குக் கவர்மென்ட்டு குடுக்குது. என் தறிக்கு எவன் குடுக்கிறான்?"

"உங்க தறிக்குத்தாண்ணே பிள்ளைங்க பகல் பூராவும் குடுக்குதுங்க."

"பி.ஏ. படிச்ச வாய்" என்றார் முருகேசன், பாராட்டா திட்டா என்று தெரியாதபடி. "அந்த மயில்கழுத்துச் சேலையில இன்னும் முந்தானை பாக்கி. அது முடிஞ்சு, அறுத்து இறக்கினாத்தான் கற்பகம் எழுந்திருக்கும். போம்மா."

உள்ளே தறிக்குழியில் உட்கார்ந்திருந்த கற்பகம் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் கால் மிதி ஒரு கணம் வேகம் பிடித்ததைக் கண்ணகி பார்த்தாள். பதினேழு வயசு. ஐந்தாவதோடு நின்று தறியில் இறங்கியவள். இந்த வருஷம் எட்டாவது தனித்தேர்வு எழுதப்போகிறாள், மையம் இருந்தால்.

இருந்தால்! அந்த ஒரு சொல்தான் போன வாரத்திலிருந்து கண்ணகியின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

போன வாரம் வந்த அரசாங்கக் கடிதம் ஆறே வரி. இளைஞர் பணி மையத்துக்கான மானியம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. மாவட்ட அலுவலர் புதன்கிழமை நேரில் பார்த்துப் பரிந்துரைத்தால் அடுத்த ஆண்டுக்கு நீளும். இல்லையென்றால் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். எத்தனை மணிக்கு வருவார்? அது மட்டும் இல்லை.

'பகலில் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கான மையம் இது. ஆறு மணிக்குத்தான் திறக்கும். தயவுசெய்து அந்த நேரத்துக்கு வரவும்' என்று கண்ணகி ஒன்றுக்கு மூன்றாகப் பதில் போட்டாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல்.

இந்த மானியத்தின் லட்சணம் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மையத்துக்கு ஆறு வாலிபால் வந்தது. ஆட மைதானம் வரவில்லை. கேரம் பலகை வந்தது. காய்கள் வரவில்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. மண்ணெண்ணெய்க்கு ஒதுக்கீடு கேட்டால், 'விளக்கு' என்ற தலைப்பில் மண்ணெண்ணெய் அடங்காது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து, மையப் பொறுப்பாளர் என்று அவளுக்கு வரும் மதிப்பூதியத்தில் பாதி விளக்காக எரிகிறது. அந்த வெளிச்சத்தில்தான் முப்பத்தொரு பேர், நெசவுத் தெருக் கற்பகமும் காலனிப் பையன்களும், ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வேலைவாய்ப்பு ஆபீசுக்கு மனு எழுதப் பழகுகிறார்கள். கூலிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்து, மறுநாள் முதலாளியிடம் போய்ச் சண்டை போடுகிறார்கள்.

'பதினொரு மணிக்கெல்லாம் ஜல்தியா வூட்டுக்கு வந்துடு' என்று அம்மா முனியம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். அதுவும் மூன்று முறை. நீலச் சேலையை வேறு மடித்து வைத்திருந்தாள். கண்ணகிக்கு அப்போதே சந்தேகம். தெள்ளாரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை இருப்பதாக தருமன் மாமா ஒரு மாதமாக ஓதிக்கொண்டிருக்கிறார். 'மானிய விஷயம் முடியட்டும், அதுவரைக்கும் என்னை யாருக்கும் காட்டாதே' என்று அம்மாவிடம் அவள் சொல்லியிருந்தாள். அம்மா தலையை ஆட்டியிருந்தாள். முனியம்மா தலையை ஆட்டினால் அதற்கு அர்த்தம் காதில் விழுந்தது என்பது மட்டும்தான்.

வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒரு ஜோடி பளபளப்பான ஆம்பளை ஷூ. ஒரு ஜோடி குதிகால் உயர்ந்த பெண் செருப்பு. உள்ளிருந்து நெய்யில் வறுத்த முந்திரி வாசனை.

"கேசரியா?" என்று பல்லைக் கடித்தாள் கண்ணகி. மண்ணெண்ணெய்க்குக் காசில்லாத வீட்டில் முந்திரி!

பின்கட்டு வழியாக நுழைந்தாள். நடுவீட்டுக் கதவுக்குப் பின்னால் கால் தானாக நின்றது. அம்மாவின் குரல் தேனாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"மையம் இன்னா மையங்க, பேருக்கு ஒரு பலகை மாட்டிக்கீது. ஒரு ஈ காக்கா வர்றதில்ல."

"யாருமே வர்றதில்லையா?" ஆண் குரல். ஐம்பது வயது இருக்கும்.

"நாலு பொட்டப் பிள்ளைங்க எப்பனா வரும்ங்க. அதுங்களும் பூக் கட்டிக்கினு குந்தியிருக்கும்."

"பையன்கள்?"

"ஐயோ சாமி! எந்தப் பையனும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான். எம் பொண்ணு நெருப்புங்க. ஆம்பளப் பிள்ளை வாசப்படி மிதிக்க வுடுமா?"

"அப்போ உங்க பொண்ணு தினமும் அங்க என்ன செய்றாங்க?"

"அரை மணி நேரம் போவும், வெளக்கேத்தும், வூட்டுக்கு வந்துடும். மார்ச்சோட அதையும் வுட்டுடும். நாங்களே சொல்லிட்டோம்."

கண்ணகிக்குக் காதில் ரத்தம் ஏறியது. கதவிடுக்கில் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட அந்த மனிதர் மடியில் ஒரு அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா குறிப்பு எடுக்கிறார்! தெள்ளாரில் இப்படி ஒரு வழக்கமா? வாத்தியார் குடும்பம் அல்லவா, மருமகளுக்கு மார்க் போடுகிறார்கள் போல.

பக்கத்தில் இருந்த அம்மாள் கேசரித் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்: "இங்க பட்டு எந்தத் தெருவுல நல்லா இருக்கும்? எனக்கு மயில்கழுத்து கலர்ல பார்க்கணும்."

முனியம்மாவின் முகம் பெட்ரோமாக்ஸ் மாதிரிப் பற்றிக்கொண்டது. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே புடவைக்கு வந்துவிட்டார்கள்!

அதற்கு மேல் கண்ணகியால் நிற்க முடியவில்லை. நீலச் சேலை எங்கேயோ கிடக்க, தெருப் புழுதி படிந்த கைத்தறிச் சேலையோடு நடுவீட்டில் போய் நின்றாள்.

"வணக்கம். நான்தான் கண்ணகி. எங்கம்மா சொன்னது அத்தனையும் பொய்."

"அடியே!" என்றாள் முனியம்மா.

"நீ சும்மா இரும்மா. ஐயா, அந்த மையத்துக்கு முப்பத்தொரு பேர் வர்றாங்க. அதுல பத்தொம்பது பேர் பையனுங்க. ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் அவங்களோடதான் இருக்கேன். கல்யாணம் ஆனாலும் இருப்பேன். மார்ச்சோட வுடுறதா இல்ல. உங்க பிள்ளைக்கு இது சரிப்படும்னா மேல பேசுங்க. இல்லன்னா கேசரியைச் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

அந்த மனிதர் பேனாவை நிறுத்தினார். "மார்ச்சுக்கு அப்புறம் மானியம் வரணுமேம்மா?"

"அதைச் சொல்லுங்க! வேலூர்ல ஒரு மகராசன் உக்காந்துகினு இருக்காரு. மூணு கடுதாசி போட்டேன். ஒண்ணுக்குப் பதில் இல்ல. இன்னிக்கு வருவாராம். எத்தனை மணிக்குன்னு எழுத அவரு பேனாவுல மை இல்ல. ஆரணிக்கு வர்ற ஆபீசருங்களைத்தான் ஊருக்கே தெரியுமே, பைல் ஒரு கையில, பொண்டாட்டி ஒரு கையில. பட்டுக்கடைக்குப் போற வழியில மையத்தை எட்டிப் பார்த்துட்டு..."

சொல்லிக்கொண்டு வந்தவள் நின்றாள். அந்த அம்மாள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தாள். அந்த மனிதரின் மடியில் இருந்த அட்டையைப் பார்த்தாள். மேலே அரசு முத்திரை.

"நான் இராஜமாணிக்கம்" என்றார் அவர். "நீங்க சொன்ன மகராசன்."

கண்ணகியின் கை தானாகச் சேலைப் புழுதியைத் தட்டியது.

முதலில் வாயைத் திறந்தது முனியம்மாதான். "ஆபீசருன்னா ஜீப்புல வருவாங்க! எங்க வூட்டுக்காரருதானே ஓட்டிக்கினு வருவாரு!"

அவள் நம்பிக்கையில் தப்பில்லை. அவள் வீட்டுக்காரர் துரைக்கண்ணு யூனியன் ஆபீஸ் ஜீப் டிரைவர். பதினாறு வருஷமாக வேலூரிலிருந்து எந்த அதிகாரி வந்தாலும் பஸ் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவது அவர்தான். ஜீப் இல்லாத அதிகாரியை முனியம்மா இதுவரைக்கும் கண்டதில்லை.

"ஜீப் ரிப்பேர்னு சொன்னாங்க. ரிக்‌ஷாவுல மையத்துக்குப் போனோம். பூட்டியிருந்தது. எதிர்க் கடைக்காரர் இந்த வீட்டைக் காட்டினார். நாங்க வாய் திறக்கறதுக்குள்ள இவங்க 'வாங்க வாங்க'ன்னு பாயை விரிச்சு, தட்டை நீட்டிட்டாங்க. மரியாதையான ஊருன்னு நெனச்சேன்."

"கேசரி நல்லாத்தான் இருந்தது" என்றாள் அவர் மனைவி மெதுவாக.

கண்ணகி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள். "ஆறு மணிக்கு வாங்கன்னு எழுதினேனே சார்."

"என் மேஜைக்கு வர்ற கடிதமெல்லாம் நான் படிச்சா மாவட்டம் சுத்த முடியாது. இதைப் பாருங்க." அவர் அட்டையைத் திருப்பினார். 'பெற்றோர் கருத்து' என்ற கட்டத்தில் மணிமணியான எழுத்து. 'மையத்துக்கு எவரும் வருவதில்லை. ஆண்கள் அறவே இல்லை. பொறுப்பாளர் தினம் அரை மணி நேரம் மட்டும் இருக்கிறார். மார்ச்சுக்குப் பின் தொடர விருப்பமில்லை.' அதன் கீழே ஒரு கையெழுத்து.

முனியம்மா.

'மு'வின் வால் கோட்டைத் தாண்டிக் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. எத்தனை நாள் சண்டை அந்த வாலோடு! 'அங்க நிறுத்தும்மா, ஏன் வாசல் வரைக்கும் இழுக்கிற' என்று கண்ணகி கத்தாத நாள் இல்லை.

"இதுல ஏம்மா கையெழுத்துப் போட்ட?"

"போட்டுக் காட்டுங்கன்னு அட்டையை நீட்டினாருடி. வாத்தியார் வூடாச்சே, சம்பந்தி வூட்டுக்காரிக்கு எழுத்து தெரியுமான்னு பரிச்சை வைக்கிறாருன்னு நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "கைநாட்டுன்னு நெனச்சிடக் கூடாதேன்னு அழகாப் போட்டேன்."

கண்ணகிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. விரலை அந்தக் கையெழுத்தின் மேல் வைத்தாள்.

"சார், அங்க எவரும் வர்றதில்லைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்குச் சாட்சியாப் போட்டிருக்கிற இந்தக் கையெழுத்தை எங்க கத்துக்கிட்டாங்கன்னு கேட்டீங்களா? அந்த மையத்துப் பாயில. கடைசி வரிசையில. எட்டு மாசம்."

இராஜமாணிக்கம் முனியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசும்மா?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்ங்க."

"இளைஞர் பணின்னா பதினைஞ்சுல இருந்து இருபத்தஞ்சு வயசு வரைக்கும். இளைஞர் நிதியில வயசு மீறினவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இதை எழுதினா தணிக்கையில அது தனிக் குற்றம். எழுதட்டுமா?"

கண்ணகி சுவரில் சாய்ந்துவிட்டாள். முட்டிக்கொள்ளலாம் என்றால் அது மண்சுவர், சுவருக்குத்தான் சேதம்.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன். எங்களை மூடறதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் தடவையாக அதிகாரி மாதிரி இல்லாமல், பஸ்ஸில் வந்து களைத்த மனிதர் மாதிரிப் பேசினார்.

"மாவட்டத்துல நாப்பத்திரண்டு மையம் இருக்கும்மா. இருபதுக்குத்தான் இந்த வருஷம் பணம் வந்திருக்கு. மீதி இருபத்திரண்டை நான் மூடணும். சும்மா மூட முடியாது. ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதணும். உங்கம்மா தட்டுல வச்சு நாலு காரணம் குடுத்தாங்க. நானா கேட்டேன்?"

வாசலில் சைக்கிள் மணி. துரைக்கண்ணு வந்துவிட்டார். உடம்பெல்லாம் கிரீஸ். உள்ளே இருப்பது யார் என்று கண்டதும் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது. வாசற்படிக்கு வெளியே, தன் வீட்டுக்கு வெளியே, நின்றார்.

"நைனா, இது நம்ம வூடு. உள்ள வா."

"இருக்கட்டும்மா. ஐயா வந்திருக்காங்க."

எதற்குக் கோபப்படுவது என்று ஒரு வரிசை வேண்டாமா மனுஷிக்கு? கண்ணகி அந்தத் துண்டை எடுத்து மறுபடி அப்பாவின் தோளில் போட்டாள்.

இராஜமாணிக்கம் எழுந்தார். "அஞ்சே காலுக்கு எங்களுக்கு பஸ். ஆறு மணிக்கு நீங்க சொல்ற முப்பத்தொரு பேரையும் நான் பார்க்க வழியில்லை. ராத்திரி ரிப்போர்ட்டைத் தட்டச்சுக்குக் குடுக்கணும். வர்றேன்."

அவ்வளவுதான். கற்பகத்தின் எட்டாவது, பாய், பெட்ரோமாக்ஸ், ஆடாத ஆறு வாலிபால், எல்லாம் அந்த அட்டைக்குள் மடிந்து பைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் முனியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அதிகாரி பக்கம் திரும்பவே இல்லை. அவர் மனைவியிடம் போனாள்.

"அம்மா, மயில்கழுத்து கேட்டீங்களே?"

"ஆமாம்?"

"கடையில போனா மடிப்புல வெளுத்தத எடுத்துப் போடுவான். நான் பட்டு இழைக்கப் போற முருகேசன் வூட்டுத் தறியில ஒண்ணு நிக்குது. அரக்கு பார்டர். உடம்பு பூராவும் பொட்டு. நேத்து என் கண்ணாலயே பார்த்தேன். கழுத்தைத் திருப்புனா மயிலு திரும்பற மாதிரியே இருக்குது."

அந்த அம்மாளின் கண் விரிந்தது. "இப்போ போய்ப் பார்க்கலாமா?"

"பார்க்கலாங்க. ஆனா முந்தானை இன்னும் நெய்யல. ஆறு மணிக்குத்தான் அறுப்பாங்க."

"அஞ்சே காலுக்கு பஸ்" என்றார் இராஜமாணிக்கம்.

"அடுத்த பஸ்ஸே கிடையாதா இந்த ஊர்ல?" அவர் மனைவி கேட்டது அவரை அல்ல, வாசலில் நின்ற துரைக்கண்ணுவை.

துரைக்கண்ணு மகளைப் பார்த்தார். பதினாறு வருஷமாக எந்த அதிகாரிக்கும் தானாக ஒரு வார்த்தை சொல்லாதவர், தொண்டையைச் செருமினார். "ஒம்போதரைக்கு வேலூருக்கு வண்டி இருக்குதும்மா. சீட்டு பிடிச்சுக் குடுக்கிறேன்."

"கேட்டீங்களா?" என்றாள் அந்த அம்மாள். "எனக்கு ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கீங்க மயில்கழுத்து, மயில்கழுத்துன்னு. ஆறு மணி வரைக்கும் சும்மா உக்காந்திருக்கிறதுக்கு அந்த மையத்தைத்தான் பாருங்களேன்."

இராஜமாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையைத் திறந்து அட்டையை மறுபடி வெளியே எடுத்து, முனியம்மாவின் கையெழுத்தை ஒரு தடவை பார்த்தார். கிழிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. கீழே காலியாக இருந்த 'அலுவலர் நேரில் கண்டது' என்ற கட்டத்தின் மேல் பேனா மூடியைத் தட்டிக்கொண்டு, மறுபடியும் பாயில் உட்கார்ந்தார்.

கண்ணகி அம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏம்மா, அறுக்கறதுக்கு ஆறு மணின்னு முருகேசன் அண்ணனே உறுதியாச் சொல்லல. கற்பகம் முடிக்கணுமே?"

"வேலூர் ஆபீசர் சம்சாரம் தறிக்கிட்டயே வந்து வாங்கறாங்கன்னா அந்தாளு தானே குழியில குதிச்சு நெய்வான். மத்த ஏழு வூட்டுக்கும் நான் போறேன். நீ பி.ஏ. வாயோட போனா காரியம் ஆவாது." முனியம்மா மூச்சு வாங்கினாள். "கெடுத்தவ நானு. நானே பார்த்துக்கறேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகும்போதே வாசலில் இன்னொரு சைக்கிள். தருமன் மாமா. வேர்த்து விறுவிறுத்து நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"அக்கா, பேஜாராப் போச்சு! தெள்ளார்க்காரங்க ஏறுன பஸ்ஸு தேசூர்லயே நின்னுபோச்சாம். பன்னெண்டுக்கு மேல ராவுகாலம் வேற. சாயந்திரம் வர்றோம்னு ஆள் சொல்லி அனுப்பிக்கிறாங்க."

"எத்தனை மணிக்குடா?"

"ஆறு மணிக்கு."

கண்ணகி கண்ணை மூடிக்கொண்டாள்.

முனியம்மா கேசரிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். வழித்துத் துடைத்தது மாதிரி இருந்தது. மடித்து வைத்த நீலச் சேலையைப் பார்த்தாள். பிறகு, புழுதிச் சேலையோடு நிற்கிற மகளை.

"இங்க வரச் சொல்லாத. ஆறு மணிக்கு இந்த வூடு பூட்டியிருக்கும். மையத்துக்கு வரச் சொல்லு" என்றாள் தம்பியிடம். இரண்டடி நடந்தவள் திரும்பினாள்.

"பையனுங்களும் இருப்பாங்கன்னு முன்னாலயே சொல்லிடு."

கண்ணகி ஆணியில் தொங்கிய மையத்துச் சாவியை எடுத்தாள். முப்பத்தொரு பேரில் எத்தனை பேரைத் தறி விடும், எத்தனை பேரைக் கண்டு தெள்ளார் திரும்பிப் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். பெட்ரோமாக்ஸில் மண்ணெண்ணெய் இல்லை.